1600 என்ஜினை 1964 பீட்டிலுக்கு ஏற்றும்போது கிளச்சை எதைப் பார்த்துப் பொருத்துவது?

தம்பி, உங்கள் கேள்வி இதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். யாழ்ப்பாணம் கோப்பாயில் நிற்கும் உங்கள் வோக்ஸ்வாகன் பீட்டில் 1964ஆம் ஆண்டுக் கார், 1200 என்ஜின், 6 வோல்ட். அந்த என்ஜின் தேய்ந்துபோனதால் கொழும்பிலிருந்து 1600 டுவின் போர்ட் என்ஜின் ஒன்றை பிளைவீலோடும் (என்ஜினின் நுனியில் சுழலும் பல் வைத்த கனமான வட்டு) கிளச்சோடும் எடுப்பித்திருக்கிறீர்கள். ஏற்றிப் பார்த்தால் பிளைவீல் கியர்பொக்ஸுக்குள் முட்டுகிறது. ஒருவர் பழைய பிளைவீலையே போடச் சொல்கிறார், இன்னொருவர் கியர்பொக்ஸை மாற்றச் சொல்கிறார், கடைக்காரர் பீட்டில் கிளச் எல்லாம் ஒன்றுதான் என்கிறார். இதில் எது சரி?

கடைக்காரர் சொன்னது மட்டும் முழுப் பிழை. மற்ற இருவர் சொன்னதிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது, ஆனால் உங்கள் காருக்கு அவை தேவையில்லை. நான் சொல்வது இதுதான்: வந்த பிளைவீலையே வைத்துக்கொள்ளுங்கள், முட்டுகிற இடத்தைக் கொஞ்சம் அராவி எடுங்கள், ஸ்டாட்டரையும் அதன் புஷ்ஷையும் (ஷாஃப்ட் நுனி சுற்றும் உலோக வளையம்) மாற்றுங்கள், பிரஷர் பிளேட்டையும் (கிளச் பிளேட்டைப் பிளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் தட்டு) ரிலீஸ் பெயரிங்கையும் (பெடலை மிதிக்கும்போது அந்தத் தட்டை அழுத்தி விடுவிப்பது) மட்டும் என்ஜினைப் பார்க்காமல் உங்கள் பழைய கியர்பொக்ஸைப் பார்த்து வாங்குங்கள். கடைசியில் சொன்ன இந்த விஷயத்தில்தான் கனபேர் வழுக்கி விழுகிறார்கள்.

கிளச் என்பது என்ஜினின் சாமான் என்று நாங்கள் நினைத்துப் பழகிவிட்டோம், என்ஜினோடு கழன்று வருவதால். உண்மையில் அதில் பாதி என்ஜினுக்குச் சொந்தம், பாதி கியர்பொக்ஸுக்குச் சொந்தம். பிளைவீலும் கிளச் பிளேட்டின் விட்டமும் என்ஜின் பக்கம். ரிலீஸ் பெயரிங்கும் அதைத் தாங்கும் ஃபோர்க்கும் கியர்பொக்ஸ் பக்கம். நடுவில் நிற்கும் பிரஷர் பிளேட் இரண்டு பக்கத்துக்கும் பொருந்த வேண்டும்: வெளிவட்டம் பிளைவீலுக்கு, நடு மையம் பெயரிங்குக்கு. என்ஜினை மட்டும் மாற்றினால் இந்தச் சோடி நடுவிலேயே பிரிந்துபோகிறது. அதனால் என்ஜின் என்ன ஆண்டு என்று சொல்லி ஒரு முழு கிளச் செட் வாங்கினால், பாதி சரியாக வரும், பாதி வராது.

முதலில் பிளைவீல். 6 வோல்ட் காலத்துப் பிளைவீலில் 109 பல், 12 வோல்ட் காலத்தில் 130 பல். 130 பல் பிளைவீல் விட்டத்திலும் பெரியது, அதுதான் உங்கள் பெல் ஹவுசிங்கில், அதாவது பிளைவீலை மூடி நிற்கும் கியர்பொக்ஸ் கூட்டின் வாயில், முட்டுகிறது. உங்கள் பழைய 1200இல் இருந்த கிளச் 180 மில்லிமீற்றர், 1600உடன் வந்தது 200 மில்லிமீற்றர். இவை ஒன்றுக்கு ஒன்று மாறாது, பிரஷர் பிளேட்டின் போல்ட் துளைகளே வேறு வட்டத்தில் இருக்கும். எண்ணிப் பார்க்கவும் அளந்து பார்க்கவும் ஐந்து நிமிடம் போதும், பல்லில் ஒரு சுண்ணக்கட்டிக் கோடு போட்டு எண்ணத் தொடங்குங்கள்.

இந்த அளவுகளை ஆண்டை வைத்து ஊகிக்காதீர்கள். இணையத்தில் கிடைக்கிற தகவலில் பெரும்பகுதி அமெரிக்கக் கார்களைப் பற்றியது, அங்கே 1967 மாடலோடு 12 வோல்ட் வந்துவிட்டது. ஐரோப்பாவுக்கும் மற்ற நாடுகளுக்கும் போன சாதாரண 1200 கார்கள் அதற்குப் பிறகும் 6 வோல்ட்டில் வந்துகொண்டிருந்தன. இங்கே ஓடுபவை வலதுபக்க ஸ்டியரிங் கார்கள், அமெரிக்க அட்டவணை இவற்றுக்கு அப்படியே பொருந்தாது. அதோடு எங்கள் ஊரின் கதையும் சேர்கிறது. 90களில் பாதை பூட்டி, பெற்றோல் இல்லாமல், மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலத்தில் எந்தச் சாமான் கிடைத்ததோ அதைப் போட்டுத்தான் வாகனங்களை உயிரோடு வைத்திருந்தார்கள். அந்த மெக்கானிக்மாரின் கைத்திறனால்தான் இன்றைக்கும் இந்தக் கார்கள் நிற்கின்றன, அதில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் அப்படி ஓடிய காரில் பதிவுப் புத்தகம் சொல்கிற ஆண்டுக்கும் உள்ளே இருக்கிற சாமானுக்கும் தொடர்பு இருக்க வேண்டுமென்று இல்லை. உங்கள் கியர்பொக்ஸ் 1964தான் என்று வைத்துத்தான் கீழே எழுதுகிறேன், நீங்கள் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

பழைய 109 பல் பிளைவீலையே 1600இல் போட்டால் என்ன? போடலாம், கிராங்கின் (என்ஜினின் பிரதான சுழல் தண்டு) நுனியில் இடம்பிடிக்கும் நாலு டவல் பின்னிலும் நடு நட்டிலும் அது உட்காரும், கியர்பொக்ஸிலும் முட்டாது, பழைய ஸ்டாட்டரும் அப்படியே வேலை செய்யும். 6 வோல்ட் ஸ்டாட்டரை 12 வோல்ட்டில் ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நீண்ட நேரம் சுற்றாமல் தட்டி விட்டால் அது தாங்கும், ஆனால் பல்லில் வேகமாக வந்து அடிக்கும், சொலனாய்டும் சீக்கிரம் போகும். இதில் உண்மையான பிரச்சினை 180 மில்லிமீற்றர் கிளச். பழைய 1200 கொடுப்பது 34 குதிரைவலு, ஏறத்தாழ 82 நியூட்டன் மீற்றர் முறுக்கு. 1600 டுவின் போர்ட் கொடுப்பது 50 குதிரைவலு, 106 நியூட்டன் மீற்றர் அளவு. கால்வாசிக்கு மேல் கூடிய முறுக்கை அந்தச் சின்னப் பிளேட் சுமக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் மேடு இல்லாதபடியால் இங்கே ஓடும்வரை வழுக்குவது தெரியாமலே இருக்கலாம். குடும்பத்தோடு கொழும்புப் பக்கமிருந்து கண்டிக்குப் போகும் வழியில் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறும்போது என்ஜின் இரைந்து கார் மெதுவாகினால் அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

109 பல்லோடு 200 மில்லிமீற்றர் கிளச் எடுக்கிற பிளைவீலும் இருக்கிறது. 6 வோல்ட் காலத்து வோக்ஸ்வாகன் 1500 கொம்பி வானில் அந்த மாதிரி வந்தது, புதிதாகவும் வெளிநாட்டில் செய்து விற்கிறார்கள். கையில் பிளைவீல் எதுவும் இல்லாமல் இருந்தால் இதைத்தான் முதலில் தேடச் சொல்லியிருப்பேன், கியர்பொக்ஸில் கை வைக்கவே தேவையில்லை. உங்களிடம் நல்ல 130 பல் பிளைவீல் ஏற்கெனவே இருக்கிறது, அதை ஒதுக்கிவிட்டு வெளிநாட்டிலிருந்து இரும்பு வரவழைப்பது வீண் செலவு.

கியர்பொக்ஸை மாற்றுவது பற்றி ஒரே வார்த்தை: பின்னாளில் வந்த இரட்டை மூட்டு அச்சுக் கியர்பொக்ஸ்கள் உங்கள் ஸ்விங் அக்சில் (கியர்பொக்ஸ் பக்கம் மட்டும் மூட்டு உள்ள பழைய அச்சு) சட்டத்துக்குள் நேராகப் போகாது, போகக்கூடிய 12 வோல்ட் ஸ்விங் அக்சில் கியர்பொக்ஸ் இன்று கிடைப்பது அரிது. உங்கள் கியர்பொக்ஸ் நல்லதென்றால் விட்டுவிடுங்கள். அதன் கடைசிப் பல் விகிதம் 4.375, 1600க்கு இது கொஞ்சம் குட்டைதான், நீளப் பாதையில் என்ஜின் அதிகம் சுற்றும், ஆனால் எடுப்பு நன்றாக இருக்கும், கிளச்சுக்கும் சுமை குறையும்.

சரி, அராவும் வேலை. என்ஜின் இறங்கியிருந்தால் போதும், கியர்பொக்ஸைக் கழற்றாமலே செய்யலாம். முதலில் உள் ஷாஃப்ட்டைச் சுற்றியுள்ள சீலையும் ஸ்டாட்டர் துளையையும் துணியாலும் டேப்பாலும் நன்றாக மூடுங்கள். பிளைவீலின் வெளி விளிம்பிலும் பல்லிலும் கொஞ்சம் கிரீஸ் பூசி, கிளச் பூட்டாமல் என்ஜினை மெதுவாக ஏற்றிப் பாருங்கள், எங்கே முட்டுகிறதோ அங்கே அடையாளம் விழும். அந்த வரம்பை மட்டும் அராவ வேண்டும், பெட்டி முழுவதையும் குடையத் தேவையில்லை. சுற்றிலும் ஒரு 2 மில்லிமீற்றர் இடைவெளி வந்தால் எனக்குத் திருப்தி, ஏனென்றால் சூட்டில் எல்லாம் கொஞ்சம் நகரும். பிறகு மறுபடி ஏற்றி நாலு போல்ட்டையும் இறுக்கி, பின்னால் கிராங்கின் பெல்ட் சக்கரத்து 30 மில்லிமீற்றர் நட்டில் சாவி போட்டு இரண்டு மூன்று சுற்று கையால் சுற்றிக் காது கொடுத்துக் கேளுங்கள். உரசல் சத்தம் துளியும் இருக்கக் கூடாது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து லேசாக எடுக்காதீர்கள். அந்தக் கியர்பொக்ஸ் கூடு அலுமினியம் போலத் தெரிந்தாலும் மக்னீசியம் கலப்பு உலோகம். அதன் தூள் தீப்பிடிக்கும், பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, இன்னும் மூர்க்கமாக எரியும். கல் சக்கரம் போட்ட கிரைண்டரை விட்டுவிட்டு முரட்டு அரத்தாலோ பல் வைத்த பர் கட்டராலோ மெதுவாக எடுங்கள், தூளைக் குவிய விடாமல் இடைக்கிடை கூட்டி வெளியே போடுங்கள், பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணல் இருக்கட்டும். வெல்டிங் வேலை நடக்கிற மூலையில் இதைச் செய்யவே வேண்டாம்.

ஸ்டாட்டருக்கு வருவோம். 109 பல்லுக்கான பழைய ஸ்டாட்டர் 130 பல் பிளைவீலோடு சரியாகக் கடிக்காது, பல்லைத் தின்றுவிடும். ஆகவே 12 வோல்ட் ஸ்டாட்டர் வேண்டும். அதன் ஷாஃப்ட் நுனி 10.9 மில்லிமீற்றர், உங்கள் பெல் ஹவுசிங்கில் உள்ள புஷ்ஷின் துளையோ 12.5 மில்லிமீற்றர் ஷாஃப்ட்டுக்கானது. புஷ் மாற்றாமல் பூட்டினால் ஷாஃப்ட் துள்ளும், ஸ்டாட்டர் முனகும், சில நாள் பிடிக்கும் சில நாள் பிடிக்காது, பிறகு எல்லோரும் பற்றரியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். இதற்கென்றே அளவு குறைக்கும் புஷ் விற்கிறார்கள், கிடைக்காவிட்டால் நல்ல லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து எடுக்கலாம், இங்கே அதற்குக் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்டாட்டரைக் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள், அளவைக் கடிதாசியில் எழுதிக் கொடுக்காதீர்கள். நுனி தன் கூட்டுக்குள்ளேயே தாங்கப்படும் வகை ஸ்டாட்டர் கிடைத்தால் புஷ்ஷே தேவையில்லை.

இனி ரிலீஸ் பெயரிங், இந்தப் பதிலை நான் நீட்டி எழுதுவதே இதற்காகத்தான். 1970 வரை வந்த கியர்பொக்ஸ்களில் பெயரிங் ஃபோர்க்கின் இரண்டு விரல்களில் கிளிப்பால் தொங்கிக்கொண்டு நிற்கும், அதை மையத்தில் பிடித்து வைக்க வேறு எதுவும் இல்லை. அதனால் அந்தக் காலத்துப் பிரஷர் பிளேட்டின் நடுவில் ஒரு தட்டையான வளையம் இருக்கும், பெயரிங் அந்த வளையத்தில் அமர்ந்து அழுத்தும். 1971 மாடலிலிருந்து கியர்பொக்ஸில் உள் ஷாஃப்ட்டைச் சுற்றி ஒரு குழாய் வந்தது, பெயரிங் அந்தக் குழாயின் மேல் நேராக வழுக்கி வரும், பிரஷர் பிளேட்டில் வளையம் கிடையாது, விரல் நுனிகளையே நேரடியாக அழுத்தும்.

உங்கள் கியர்பொக்ஸ் முதல் வகை. என்ஜினோடு வந்த பிரஷர் பிளேட் பெரும்பாலும் இரண்டாம் வகையாக இருக்கும். இரண்டும் சேர்ந்தால் பூட்டும்போது ஒரு தடையும் தெரியாது, போல்ட் எல்லாம் ஏறும், கிளச்சும் வேலை செய்யும். ஆனால் வழிகாட்டி இல்லாத பெயரிங் வளையம் இல்லாத விரல்களில் மையம் தப்பி அலையும், நுனிகளை ஒருபக்கமாகத் தின்னும், பெடல் அதிரும், கடைசியில் பெயரிங் கிளிப்பிலிருந்து கழன்றுகூடப் போகலாம். அப்போது திரும்பவும் என்ஜினை இறக்க வேண்டும். பூட்டுகிற அன்றைக்கே முட்டிக்கொண்டு நின்றிருந்தால் எவ்வளவு நல்லது என்று நினைக்க வைக்கிற வகைப் பிழை இது.

தீர்வு இரண்டு. எளியது, நடு வளையம் உள்ள 200 மில்லிமீற்றர் பிரஷர் பிளேட்டும், பழைய மாதிரிக் கிளிப் பெயரிங்கும் வாங்குவது. சில பிரஷர் பிளேட்கள் கழற்றக்கூடிய வளையத்தோடு வருகின்றன, பின்னாள் கியர்பொக்ஸுக்குப் போடுகிறவர்கள் வளையத்தைக் கழற்றிவிடுவார்கள், உங்களுக்கு அது இருந்தே ஆக வேண்டும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பாவித்த சாமான் எடுக்கப் போனால் வளையம் இல்லாமல் தனிப் பிளேட்டைத் தூக்கித் தருவார்கள், கவனம். இரண்டாவது, பழைய கியர்பொக்ஸில் குழாயைப் பொருத்துகிற மாற்றுச் செட் விற்கிறார்கள், அதோடு பின்னாள் பெயரிங்கும் வளையமில்லாத பிரஷர் பிளேட்டும் போடலாம். நீண்ட காலத்துக்கு அது நல்ல ஏற்பாடு, பின்னாள் வகைச் சாமான் இனியும் சுலபமாகக் கிடைக்கும் என்பதால். ஆனால் அந்தக் குழாய் ஷாஃப்ட்டுக்கு நேர்மையத்தில் உட்கார வேண்டும், அதைச் சரிபார்க்கப் பொறுமை உள்ள ஆள் இல்லையென்றால் முதலாவதே போதும்.

வாங்கும்போது பலமான ஸ்பிரிங் உள்ள போட்டிக் கிளச் நல்லது என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 50 குதிரைவலுவுக்குச் சாதாரண 200 மில்லிமீற்றர் தாராளம். கூடிய அழுத்தம் காலுக்கு வலி, கிளச் வயருக்கும் பெடலின் கொக்கிக்கும் ஃபோர்க் ஷாஃப்ட்டுக்கும் கேடு. பிளேட்டில் நடுவில் ஸ்பிரிங் வைத்த வகையை எடுங்கள், எடுப்பு மென்மையாக இருக்கும்.

பிளைவீலைப் பூட்டுவதில் இரண்டு விஷயம். கிராங்குக்கும் பிளைவீலுக்கும் நடுவே எண்ணெய் கசியாமல் இருக்க பழையவற்றில் மெல்லிய கஸ்கெட், பின்னாள் பிளைவீல்களில் உள்ளே ஒரு காடி வெட்டி ஓ-ரிங். உங்களிடம் வந்ததில் காடி இருக்கும், அப்படியென்றால் புது ஓ-ரிங் மட்டும், கஸ்கெட் கூடவே கூடாது. இரண்டையும் போட்டால் இன்னும் பத்திரம் என்று போடுகிறவர்கள் இருக்கிறார்கள், பிளைவீல் இறுக்கமாக உட்காராமல் டவல் துளைகள் முட்டை வடிவாகிப் போகும். ஏற்கெனவே துளை நீண்டுபோன பிளைவீலைக் கண்டால் அதைத் திருத்தப் பார்க்காமல் ஒதுக்கிவிடுங்கள். இரண்டாவது, கிராங்கின் முன்பின் ஆட்டம். 0.07 முதல் 0.13 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும், அதைச் சரிசெய்ய எப்போதும் மூன்று ஷிம் (மெல்லிய வளையத் தகடு), இரண்டும் இல்லை நாலும் இல்லை. டயல் கேஜ் இல்லாமல் இதை ஊகத்தில் செய்ய முடியாது, இல்லாத கராச்சென்றால் எங்கிருந்தாவது இரவல் வாங்குங்கள்.

நடு நட் 36 மில்லிமீற்றர், இறுக்கம் 300 நியூட்டன் மீற்றர். அவ்வளவு பெரிய டோர்க் ரெஞ்ச் எல்லாரிடமும் இல்லை. சாவியில் சரியாக ஒரு மீற்றர் குழாய் மாட்டி, குழாயைக் கிடையாக வைத்து, நுனியில் 30 கிலோ பாரம் கொடுத்தால் அந்தக் கணக்கு வந்துவிடும், தராசு கொக்கி ஒன்றைப் போட்டு இழுத்தால் இன்னும் துல்லியம். சுத்தியலால் அடித்து இறுக்கும் பழக்கத்தை இந்த நட்டில் காட்டாதீர்கள், ஓடும்போது பிளைவீல் தளர்ந்தால் கிராங்கும் போய்விடும். நட்டுக்குள் இருக்கிற ஊசிப் பெயரிங்குக்கு மிகச் சிறிதளவு கிரீஸ் போதும், கூடினால் அது பறந்து பிளேட்டில்தான் ஒட்டும்.

பிளேட்டை மையப்படுத்த ஒரு பழைய கியர்பொக்ஸ் உள் ஷாஃப்ட் இருந்தால் அதைவிட நல்ல கருவி இல்லை. பிரஷர் பிளேட்டின் ஆறு போல்ட்டையும் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக, கடைசியில் 25 நியூட்டன் மீற்றர். என்ஜினைக் கியர்பொக்ஸோடு சேர்க்கும்போது என்ஜினின் பாரம் அந்த ஷாஃப்ட்டில் தொங்க விடாதீர்கள், பிளேட் வளைந்துவிடும். பழைய கிளச் தூளைக் காற்றடித்துப் பறக்க விடவும் வேண்டாம், அந்தக் காலத்து லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கும், ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

எல்லாம் சரியாகப் பூட்டியும் கிளச் எடுக்கும்போது கார் நடுங்கினால் உடனே திரும்ப இறக்காதீர்கள், முதலில் கிளச் வயர் போகிற வளைகுழாயைப் பாருங்கள். அது நடுவில் 25 முதல் 45 மில்லிமீற்றர் தொய்ந்து இருக்க வேண்டும். நேராக நின்றால் நடுக்கம் வரும், தாங்கிக்குள் வாஷர் சேர்த்துத் தொய்வைக் கூட்டலாம். கியர்பொக்ஸ் ரப்பர்களும் அந்த வயதில் கரைந்திருக்கும், 1600இன் இழுப்புக்கு அவை தாங்காது, என்ஜின் வெளியே இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். பெடலில் 10 முதல் 20 மில்லிமீற்றர் சும்மா ஆட்டம் விடுங்கள். புதுப் பிளேட் படியப்படிய அந்த ஆட்டம் குறைந்துகொண்டு வரும், ஆகவே முதல் சில நூறு கிலோமீற்றரில் ஒருமுறை மறுபடி பாருங்கள். ஆட்டமே இல்லாமல் ஓடினால் பெயரிங் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, எங்கள் ஊர்க் காற்றுக்கென்றே. மூன்று பக்கமும் கடலும் கடனீரேரியுமாக இருக்கிற இடத்தில் கார்த்திகை, மார்கழி மழைக்குக் காரை நிறுத்திவைத்தால் பிளேட் பிளைவீலோடு துருவில் ஒட்டிக்கொள்ளும், பிறகு கியர் விழாது. நீண்ட நாள் நிறுத்துவதென்றால் பெடலை அழுத்தி, சீற்றுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு தடி கொடுத்து விடுங்கள்.

சாமான் வாங்கப் போக முதல் பிளைவீல் பல் எண்ணிக்கை, கிளச் விட்டம், பெல் ஹவுசிங்கில் குழாய் உண்டா இல்லையா, ஸ்டாட்டர் ஷாஃப்ட் நுனியின் அளவு, இந்த நாலையும் எழுதி அனுப்புங்கள். எந்தப் பிரஷர் பிளேட், எந்தப் பெயரிங் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.